அப்பாவின் சுண்ணாம்புச் சுவரும் நான் பூசிய சிமெண்ட்டும்

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாய் இருந்த என் அப்பாவுக்கு,

திண்டிவனம் வீடு நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

ஆனால் இந்த வருஷம் அதை இடிக்கப் பார்த்தோம். காரணம் நான்தான். ஊருக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் நீங்கள், நம் வீட்டை மட்டும் கொத்தனாரோடு நின்று சுண்ணாம்பு குழைத்து உங்கள் கையாலேயே கட்டினீர்கள். நீங்கள் போன பிறகு வந்த முதல் மழையில் கூடத்துச் சுவரில் லேசாக ஈரம் தெரிந்தது. அப்பா கட்டிய வீடாயிற்றே என்று பதறி, வெளியே சிமெண்ட் பூசி, உள்ளே பளபளவென்று பெயிண்ட்டும் அடித்தேன். நான் வீட்டைக் காப்பாற்றிய லட்சணம் அது.

இரண்டே வருஷத்தில் சுவர் உப்பிக்கொண்டு உதிர ஆரம்பித்தது. விழுப்புரத்திலிருந்து வந்த இன்ஜினியர் தட்டிப் பார்த்துவிட்டு, தாங்காது, இடித்துவிடுங்கள் என்றார்.

"எதுக்குக்கா பேஜாரு? இடிச்சிட்டு சின்னதா ஒண்ணு கட்டிக்கலாம்" என்றான் தம்பி அந்தோணி. நானும் தலையாட்டிவிட்டேன்.

அம்மாதான் விடவில்லை. "அவரு இருந்தப்போ ஈரம் தெரிஞ்சா ஜன்னலத் தொறந்து உட்டுட்டு சும்மா இருப்பாரு. தானா காஞ்சிடும். நீ ரெண்டு பக்கமும் அடைச்சி வச்சிக்கினு கீறியே, ஈரம் எங்கடி போவும்? மொதல்ல உன் பூச்ச உரி. அப்பறம் இடிக்கலாம்."

உரித்தோம். கோடை முழுக்க சுவரைச் சும்மா விட்டோம். காய்ந்துவிட்டது, அப்பா. உள்ளே ஒரு செங்கல்கூட அசையவில்லை. திரும்ப வந்து பார்த்த அதே இன்ஜினியர், "யாருங்க கட்டினது?" என்று கேட்டார். அம்மா காபி போடப் போய்விட்டார். "எங்கப்பா" என்று நான்தான் பெருமையோடு சொன்னேன்.

இப்போது அந்தோணியே சுண்ணாம்பு ஊறவைக்கிறான். "அப்பா எத்தினி நாள் ஊறப்போடுவாருக்கா?" என்று கேட்கிறான். தெரியவில்லை. பக்கத்திலேயே வளர்ந்தும் ஒருநாளும் ஏன் உங்களைக் கேட்காமல் போனேன்?

இனி அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கல்லறைக்கு வந்து உங்களைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். சரி, இந்தத் தடவை கேட்டு நடக்கிறேன்.

உங்கள் பேச்சைத் தாமதமாகக் கேட்கும் மூத்த மகள்,
செலின்