தெற்கே தலைமாடு வைத்த வண்டி

அன்புள்ள செழியனுக்கு,

ரெட்டியார்பாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை, பிரான்சில் அந்த லியோன் ஊர்க் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது படம் காட்டினாயே, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, மழைத்துளி மாதிரி சரிந்த குட்டிப் படுக்கை வண்டி, இதுல உன்ன கன்னியாகுமரிக்கு இட்டுக்கினு போறேம்மா என்றாயே, அதைத்தான் கட்டினேன். போனில் சொன்னதும் எவ்வளவு ஆச்சு என்று கத்தினாய். இரும்பு, சக்கரம், வெல்டிங் கூலி எண்பதாயிரம், பிளைவுட், அலுமினியத் தகடு, மெத்தை எல்லாம் அறுபத்தைந்தாயிரம். மாடி வாடகையில் சேர்த்தது, யாரிடமும் கை நீட்டவில்லை. அப்பா இருந்திருந்தால் பேரம் பேசியே பத்தாயிரம் குறைத்திருப்பார். எவ்வளவு என்று கேட்டாயே, எதற்கு என்று கேட்டாயா? அவர் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. வெல்டர் கலியமூர்த்தியும் ஆட்களும் வந்து போன நாட்களில்தான் ஒரு டீ போடவாவது எனக்கு வேலை இருந்தது.

அதில் ஒரு கூத்து கேள். வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாதே என்று, வண்டி தோட்டத்தில் நின்ற நிலையிலேயே தெற்குப் பக்கம் பார்த்துத் தலைமாட்டுப் பலகை அடிக்கச் சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு கலியமூர்த்தி, ஏம்மா, இது ஓடுற வண்டிம்மா, வூடா, ரோடு திரும்புனா தலையும் திரும்பிக்கினே இருக்குமே என்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் சொல்லக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

இப்போது அவர்களும் வருவதில்லை. அப்பாவின் கார் ஷெட்டில் இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. நீயோ பொங்கலுக்கும் லீவு கிடைக்காது என்கிறாய். நேற்று மத்தியானம் நானே அந்தப் படுக்கை வண்டியில் போய்ப் படுத்தேன். இரண்டு பேர் மெத்தை, பக்கத்தில் கை வைத்தால் யாரும் இல்லை. அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. லீவை மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார். சின்ன வயதில் நீ வடக்கே தலை வைத்துத் தூங்கினால் எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ வா கண்ணு. எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்கினாலும் எழுப்ப மாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா பாக்கியலட்சுமி