நான் கண்ணால் கண்ட சமாதானம்

போன வியாழக்கிழமை ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் நாட்டுச் சமாதானப் பேச்சிலிருந்து என்ன பாடம் படித்தோம் என்று நோர்வேக்காரர் கூடிக் கதைக்கிற கூட்டம். மகள் ஆரணிதான் இழுத்துக்கொண்டு போனாள். "மம்மா, நீங்கள் அந்தக் காலத்தில இஞ்சை இருந்தனீங்கள்தானே, வாங்கோ" என்றாள். வாசலில் ஒரு மேசை, அதில் அடுக்கிவைத்த வெள்ளைக் கோப்பைகள், பக்கத்தில் பெரிய பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல்களில் கறுப்புக் கோப்பி. அந்த வாசம் மூக்கில் ஏறியதும், சிநேகிதி, உன் குரல்தான் கேட்டது. "இருக்கிறதோ, போறதோ? உண்மையைச் சொல்லடி." நீ அப்படிக் கேட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. நீ போய்ச் சேர்ந்தும் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது.

உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒஸ்லோவில் ஹோட்டல் வேலை என்று எழுதினேன். ஹோட்டலில் என்ன வேலை என்று எழுதவில்லை. இங்கே வந்த எங்களில் யார்தான் எழுதினோம்? கக்கூஸ் கழுவியவர்களும் ஊருக்குக் 'கொம்பனி வேலை' என்றுதான் எழுதினார்கள். நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கணக்கில் உன்னைவிட எனக்குத்தான் புள்ளி கூட. நீ கிளிநொச்சியில் சொந்தமாகத் தையல்கடை நடத்தினாய். நான் மற்றவர்கள் தின்றுவிட்டுப் போன மேசையைத் துடைக்கிறேன் என்று உனக்கு எப்படி எழுதுவேன்?

பிறகு போர்நிறுத்தம் வந்தது. அரசாங்கமும் புலிகளும், இரண்டு பக்கத்தாரும் பேசுவதற்கு ஒஸ்லோவுக்கே வந்தார்கள். எங்களுக்கு வந்த எடுப்பை, அந்தப் பெருமையை, நீ பார்த்திருக்க வேண்டும். ஒஸ்லோவில் நாங்கள் இருந்த ரொம்சோஸ் பகுதியில், எங்கள் மாடியில் ஒரு டாக்சிக்கார அண்ணர் இருந்தார். தன் பின்சீட்டில் யாரோ கதைத்ததைக் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதம் பெரிய மனிதராகத் திரிந்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் எங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். "உங்கட ஊரிலதானே பேசுறாங்கள், என்னவாம்?" சமாதானம் எங்கள் குசினி அடுப்பில் வேகிறது, நாங்கள் மூடியைத் திறந்து பார்த்துப் பதம் சொல்கிறோம் என்கிற மாதிரித்தான் நடந்துகொண்டோம்.

ஒருநாள் ஒரு சின்னச் சந்திப்பு நான் வேலை செய்த ஹோட்டலிலேயே நடந்தது. எல்லோரும் போனபின் அறையைத் துப்புரவாக்க என்னை விட்டார்கள். மேசையின் இரண்டு பக்கமும் கடதாசிகளும் தண்ணீர்க் குவளைகளும் கிடந்தன. கோப்பைகளோ அங்கே இல்லை, யன்னலோரம் ஒன்றாகக் கிடந்தன. அடியில் கறுப்புக் கோப்பி உறைந்தவை நோர்வேக்காரருடையவை, அது தெரியும். மற்றதெல்லாம் பாலும் சீனியும் அள்ளிப்போட்ட தேத்தண்ணி. அதில் எது எங்கள் ஆட்கள் குடித்தது, எது அரசாங்க ஆட்கள் குடித்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கதிரையை விட்டு எழும்பி வந்து ஒன்றாக நின்று குடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவ்வளவுதான், நான் கண்டது.

அந்தக் கிழமை நீ வவுனியாவுக்கு வந்து தொலைபேசிக் கடையிலிருந்து எனக்கு எடுத்தாய். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் பாதை திறந்திருந்த நேரம். உன் கணவரின் தம்பி திருச்சியில் வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்தார். பிள்ளைகள் இரண்டுபேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. கணவர் போவோம் என்று நின்றார். நீதான் என்னைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாயாம்.

"இரு. இந்தமுறை சரிவரும்" என்றேன்.

"எப்பிடியடி அவ்வளவு உறுதியாச் சொல்லுறாய்?"

"பேச்சு நடந்த இடத்தில நிண்டனான். கண்ணால கண்டனான்."

"என்னத்தைக் கண்டனீ?"

"அதெல்லாம் ஃபோனில கதைக்கேலாது."

நீ சிரித்தாய். "பெரிய ஆள்தான்" என்றாய். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. நினைக்க நினைக்க என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். ஆரணிக்குச் சிவப்புச் சட்டை தைத்து வைத்திருந்தாய், உன் சின்னவளுக்கும் அதே துணியில் ஒன்று. உன் கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் சொன்னபடியால்தான் நிக்கிறம், தங்கச்சி. திருச்சி வீட்டையும் விட்டாச்சு." நான் ஏதோ வெளிநாட்டு அமைச்சர்போல் தலையாட்டினேன். இன்னொரு உண்மையும் இருக்கிறது. நீயும் திருச்சிக்குப் போய்விட்டால் எனக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்? லீவுக்கு வந்தால் யார் வீட்டில் இறங்குவேன்? கோப்பையைக் கண்டது பாதி, இந்த ஆசை பாதி. இரண்டையும் சேர்த்துத்தான் உன்னை இருக்கச் சொன்னேன்.

பேச்சு முறிந்தது. பாதையை மூடினார்கள். போரின் கடைசி மாதங்களில் நாங்கள் இங்கே நோர்வே நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். எங்களைக் கடந்து போனவர்கள் பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். வேலையிடத்தில் ஒருத்தி, பாவம், என் கையைப் பிடித்து மிகவும் கவலையான செய்தி என்றாள். நீங்கள் பதுங்கியிருந்த பங்கர் வாசலில் விழுந்த எறிகணை உன்னையும் சின்னவளையும் கொண்டுபோனது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. மூத்தவள் மதியும் தகப்பனும் முகாமில் கிடந்து, வெளியே வந்து, கடைசியில் அதே திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாலு பேருக்குப் பார்த்த ஊரில் இரண்டு பேர் குடியேறினார்கள். தகப்பனும் இப்போது இல்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் நரைத்த தலை நோர்வேக்காரர் ஒருவர் எழும்பிப் பேசினார். சின்னச் சின்ன நல்ல அறிகுறிகளை நாங்கள் அளவுக்கு மீறி நம்பிவிட்டோம், அது எங்கள் பிழை, இனி வேறு நாடுகளில் கவனமாக இருப்போம் என்றார். செத்தது எங்கள் சனம், பாடம் இவர்களுக்கு, பலன் வேறு நாட்டுக்கா? எழும்பி வெளியே வந்துவிட்டேன். ஆரணி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏன் மம்மா கோவிக்கிறியள்? பிழை எண்டு ஒத்துக்கொள்ளினம்தானே. இஞ்சை எங்கட ஆக்கள் ஆராவது அப்பிடிச் சொன்னவையோ?"

அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் சொன்னதுதான் சுட்டது. அந்த மனிதராவது மேடையில் ஏறித் தன் பிழையைச் சொன்னார். நான் இத்தனை வருடமாக மதியோடு கிழமைக்கொருதரம் கதைக்கிறேன். சாப்பாடு, காலநிலை, அவளுடைய பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாம் கதைப்போம். இதை மட்டும் கதைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் ஏசினால் ஏசட்டும், கதைக்காமல் விட்டால் விடட்டும் என்று முடிவெடுத்துத்தான் எடுத்தேன்.

"பிள்ளை, அப்ப உங்களைப் போகவேண்டாம், இருங்கோ எண்டு சொன்னது நான்தான்" என்று தொடங்கினேன்.

"தெரியும் ஆன்ரி" என்றாள். பிறகு சொன்னாள்: "அம்மா பங்கருக்குள்ளயும் அதைத்தான் சொல்லுவா. என்ர சிநேகிதி பேச்சு நடந்த இடத்தில நிண்டவள், எல்லாம் தெரிஞ்சவள், நோர்வேக்காரர் எங்களை இப்பிடியே விட்டிடமாட்டாங்கள் எண்டு. தங்கச்சி அதைக் கேட்டால்தான் நித்திரை கொள்ளுவாள். உங்களிட்டைச் சொல்லவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். கடைசி மட்டும் அம்மாவைப் பயப்படாமல் வைச்சிருந்தது உங்கட சொல்லுத்தான் ஆன்ரி. அதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவேணும்."

நான் அங்கே துப்புரவு வேலை செய்தவள், பிள்ளை. எனக்கு ஒன்றுமே தெரியாது. இந்த இரண்டு வசனத்தையும் நான் சொல்லவில்லை. சொன்னால் உன் கடைசி நாட்களின் தைரியத்தையும் அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று என்னைத் தேற்றிப் பார்த்தேன். பொய். உன் மகளுக்கு முன்னாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓம் பிள்ளை, பரவாயில்லை" என்று சொல்லி, அவளுடைய நன்றியை வாங்கிக்கொண்டேன்.