வெண்ணெய்ப் பூச்செண்டு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையில் பால் திரிந்தது. மத்தியானம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. ‘பொது நலன் கருதி’ என்னைக் கவுகாத்திக்கு மாற்றியிருக்கிறார்கள். செப்டம்பர் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். பதினெட்டு வருடமாக இந்த ஆபீசில் வருகிற கடிதங்களுக்கு நம்பர் போடுகிறேன். அதே நம்பரைக் கவுகாத்தியில் உட்கார்ந்து போட்டால் பொதுமக்களுக்கு என்ன நன்மை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிடிபடவில்லை.

இவர் ராணுவத்தில், ஜெய்சல்மீரில். ஸ்நேஹா பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிய மார்ச் ஆகும், நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. “நோ பிராப்ளம்மா, நான் ஹாஸ்டல்ல இருந்துப்பேன்” என்று போனைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு தன் அறையிலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டுப் படிக்க உட்கார்ந்தாள். ரூமில் லைட் சரியில்லையாம்.

6 ஆகஸ்ட்

மார்ச் வரை டெல்லியிலேயே விடச் சொல்லி மனு கொடுத்துவிட்டேன். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கோபாலன் சார், மாயவரத்துக்காரர், இந்த மாதத்தோடு ரிட்டையர் ஆகிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார்.

“நியாயமான மனு. ஆனா மேடத்துக்கு நீங்க யாருன்னு தெரியணுமே. தெரியுமா?”

தெரியாது. டைரக்டர் மேடம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. லிஃப்டில் மூன்று முறை சேர்ந்து போயிருக்கிறோம். மூன்று முறையும் அவர் “தேர்ட் ஃப்ளோர்” என்றார், நான் பொத்தானை அமுக்கினேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட், வெள்ளி

மேடம் அறை வாசலில் இருக்கும் பியூன் வேலு ஒரு தகவல் சொன்னான். 29ஆம் தேதி மேடத்துக்குப் பிறந்தநாள். போன வருடம் முப்பத்தியொரு பொக்கே வந்ததாம்.

“அவ்வளவு பூவையும் என்னப்பா செய்வாங்க?”

“அதுக்குத்தானே அக்கா நான் இருக்கேன். மேடம் வாங்குவாங்க, போட்டோ எடுப்பாங்க, என் கையில குடுப்பாங்க. நான் மேல்மாடிக்கு ரெண்டு, வர்ற கெஸ்ட்டுக்கு ரெண்டுன்னு அனுப்பிடுவேன். போன வருஷம் ஒண்ணு நாலு ரூம் சுத்திட்டு மேடத்துக்கே திரும்பி வந்துச்சு. அதையும் தேங்க்யூ சொல்லித்தான் வாங்கினாங்க.”

ஆகவே பூ பிரயோஜனமில்லை. கேக்? அதையும் கடையில் வாங்கி எவர் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் பூச்செண்டு மாதிரியே ஒரு கேக்! மேடம் அசந்து போவார். வெட்டுவார், சாப்பிடுவார், “யார் செய்தது?” என்று கேட்பார். கேட்டதும் நான் வாயைத் திறப்பேன். முதலில் கேக், பிறகு கவுகாத்தி.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் முயற்சி. வீடியோவில் அந்தப் பெண் வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் அடித்து, கூம்புப் பையில் போட்டு, சிரித்துக்கொண்டே எட்டு நொடியில் ஒரு ரோஜா போட்டாள். அவள் ஊரில் ஆகஸ்ட் மாதம் கிடையாது போலிருக்கிறது. இங்கே வெண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

ஸ்நேஹா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “அம்மா, இது கோபி.”

பார்த்தால் காலிஃப்ளவர்தான். மறுக்க முடியவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மேடம் முட்டை சாப்பிட மாட்டாராம். தயிர் ஊற்றிச் செய்தேன், மெத்தென்று வந்தது. கூம்புப் பையை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வைத்துப் பிழிந்தால் இதழ் நிற்கிறது. இன்று பதினாறு கோபி, ஒரு ரோஜா.

22 ஆகஸ்ட்

சாமந்தி வந்துவிட்டது! கட்டைவிரல் மடங்கவில்லை, துணிக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஏழு காகிதக் கப்பை ஸ்டேப்ளர் போட்டு ஒன்றாகச் சேர்க்க வேண்டும், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒவ்வொரு கப்பிலும் ஒரு சின்ன கேக், கேக் மேல் ஒரு பூ. இடைவெளியில் பச்சைக் காகிதம், வெளியே ஜிகினாத் தாள், ரிப்பன். தூரத்தில் வைத்துப் பார்த்தால் நானே ஏமாந்துபோகிறேன்.

“மேல ஒரு கார்டு வைம்மா, இது கேக்குன்னு எழுதி” என்றாள் ஸ்நேஹா.

“ரோஜாச் செடியில யாராவது ரோஜான்னு எழுதி ஒட்டுவாங்களாடி? அசந்து போகணும். அதுதான் விஷயமே.”

அவள் தோளைக் குலுக்கினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கலை தெரியவில்லை.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆறே ஆறு. பிள்ளையார் பொறுத்துக்கொள்வார், டிரான்ஸ்ஃபர் ஃபைலில் கையெழுத்துப் போடுவது அவர் இல்லையே.

28 ஆகஸ்ட்

மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் இருக்கும் பூக்காரரிடம் போய் பொக்கே சுற்றும் தாளும் ரிப்பனும் மட்டும் கேட்டேன். “பூ இல்லாம வெறும் தாளா, மேடம்ஜி?” என்று இந்தியில் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ‘அண்ணே, நாளைக்குப் பாருங்கள்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசல் காவலர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார், குடையை விரித்துப் பார்த்தார். பூச்செண்டைப் பார்த்து, “ஃபூல் ஹை, ஜானே தோ” என்று, பூதானே போகட்டும் என்கிற மாதிரி, கையை ஆட்டிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. துப்பாக்கி வைத்திருப்பவரே ஏமாந்துவிட்டார்.

பதினொன்றரைக்கு மேடம் அறை. எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் ஒன்பது பேர், எல்லார் கையிலும் பொக்கே. என் முறை வந்தது. மேடம் வலது கையால் வாங்கினார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார், “லவ்லி ஃப்ளவர்ஸ்” என்றார், இடது பக்கம் நின்ற வேலுவிடம் கொடுத்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த “மேடம், யே கேக் ஹை” என்பதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் இருந்தவர் முழங்கையால் தள்ளினார். நான் வெளியே நிற்கிறேன்.

அவ்வளவுதானா? மூணு வாரமா? அந்தப் பொண்ணு கோபி கோபின்னு சொல்லச் சொல்லப் பிழிஞ்சு பிழிஞ்சு – ஒரு தரம் குனிஞ்சு பார்த்தா என்ன, கழுத்தா சுளுக்கிக்கும்?

கார்டு வைக்கச் சொன்னாள். கேட்டேனா நான்?

மத்தியானம் வேலுவைப் பிடித்தேன். “என் பொக்கே எங்கேப்பா?”

“எது அக்கா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணு மூணு மணி ஃபேர்வெலுக்கு எடுத்து வச்சிருக்கேன்.”

மூன்று மணிக்கு மீட்டிங் அறையில் கோபாலன் சாருக்கு வழியனுப்பு விழா. சமோசா, சால்வை. மேடம் எழுந்து, வேலு நீட்டிய பூச்செண்டை வாங்கி, சாரிடம் கொடுத்தார். என் பூச்செண்டு. நடு ரோஜாவை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன், அதில் ஓர் இதழ் கொஞ்சம் கோணல்.

கோபாலன் சார் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் வாங்கமாட்டார், பூவும் அப்படித்தான். குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மீசையில் இளஞ்சிவப்பு வெண்ணெய். நாக்கால் தொட்டுப் பார்த்தார். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சார் என்னைப் பார்த்தார், என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

பிறகு தெளிவான இந்தியில் சொன்னார்: “மேடம், முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நிறையப் பூ வாங்கியிருக்கேன். எனக்காக கேக் செய்யச் சொன்ன ஆபீசர் நீங்க ஒருத்தர்தான்.”

மேடம் ஒரு நொடி விழித்தார். ஒரே நொடிதான். “உங்களுக்கு இதுகூடச் செய்ய மாட்டோமா, கோபாலன்ஜி” என்றார். கைதட்டல்.

எனக்குக் காது வரை சூடு ஏறியது.

சார் விடவில்லை. “நீங்க சொன்னதுக்காக நம்ம உமாமகேஸ்வரி விரல்ல கட்டுப் போடுற அளவுக்குக் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்க. பாவம், அடுத்த வாரம் கவுகாத்தி போறாங்க. பொண்ணுக்கு போர்டு பரீட்சை வேற.”

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக மேடம் என்னைப் பார்த்தார். “கவுகாத்தியா? இவங்களை யார் அனுப்பினது?”

எல்லாரும் அவரவர் சமோசாவை உற்றுப் பார்த்தார்கள்.

“ஃபைலைக் கொண்டு வாங்க” என்றார் மேடம். ஒரு வாய் கேக் சாப்பிட்டு, “ரொம்ப இனிப்பு” என்று தட்டை வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு, கோபாலன் சாரின் கடைசி ஃபைல் என் மனு. மேடம் போனில் பேசிக்கொண்டே, அடையாளச் சீட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. என்னை மாற்றிய ஆர்டரிலும் இப்படித்தான் போட்டிருப்பார்.

வெளியே வந்து சாரிடம் சண்டை போட்டேன். “எதுக்கு சார் அவங்க செய்யச் சொன்னதா சொன்னீங்க?”

“உங்களுக்குப் பேர் வேணுமாம்மா, டெல்லி வேணுமா?”

“ரெண்டும் வேணும் சார்.”

சிரித்தார். மீசை ஓரத்தில் வெண்ணெய் இன்னும் போகவில்லை. “ஒண்ணு வாங்கியாச்சு. மீதி இருக்கிற பூவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அந்தக் கோணல் ரோஜாவை யாருக்கும் தரலை.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

2 செப்டம்பர், செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. ‘பொது நலன் கருதி’ மார்ச் 31 வரை டெல்லியிலேயே. ஒரு மாதத்துக்குள் பொது நலன் கவுகாத்தி வரை போய்த் திரும்பியிருக்கிறது.

ஸ்நேஹா இரண்டு தரம் படித்தாள். “அச்சா” என்றாள். அவ்வளவுதான்.

13 செப்டம்பர், சனி

நேற்று மேடத்தைப் பார்க்க ஒருவர் பொக்கேயோடு வந்தார். மேடம் வாங்கினார், சிரித்தார், வேலுவிடம் கொடுக்கும் முன் ஒரு பூவை ஆட்காட்டி விரலால் அழுத்திப் பார்த்தார். மூன்றாம் மாடி முழுக்க இப்போது இதே பழக்கமாம். “எல்லாப் பூவுலயும் ஓட்டை அக்கா, வேற ரூமுக்கு அனுப்ப முடியலை” என்று வேலு குறைப்பட்டுக்கொண்டான்.

இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகும் டிரைவருக்கும் ‘அதே ஆர்கிட் கேக்’ வேண்டும் என்று மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் செய்ததில் ஒரு ஆர்கிட்கூடக் கிடையாது.

இன்று வெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தபோது ஸ்நேஹா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லைட் சரியாகிவிட்டதாம். அந்த பல்பை இங்கே யாரும் மாற்றவில்லை.