வெர்னாவின் தோள்

ஹிக்கரி, வட கரோலினா
மார்ச் 4, 1998

அன்புள்ள மெரடித்,

கண்காட்சி வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். போனில் பேசினால் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறெதையாவது பேசிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் அழைப்பிதழ் வந்தது. அதன் படத்திலிருக்கும், நகைபோலத் தோள்மேல் போட்டுக்கொள்ளும் பீங்கான் தோளணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வலது பக்கம் சற்று ஏறி, கழுத்தடியில் ஒரு புடைப்பு. சாக்ஸ் ஆலையில் இருபத்தாறு வருஷம் மெஷின்மேல் குனிந்த எங்கள் அம்மாவின் தோள் போலவே இருக்கிறது. நாம் சேர்ந்து சிற்பம் படித்த கல்லூரிக் கடைசி வருஷம் நான் அம்மாவின் தோளில் எடுத்த பிளாஸ்டர் அச்சு, உன் பட்டறையில் விட்டுவந்தேனே, பத்திரமாக இருக்கிறதா?

நான் தப்பாகப் பார்த்திருக்கலாம். அம்மா உன்னை விசாரித்தாள். "அந்த ஒல்லிப் பொண்ணு இப்பவாவது ஒழுங்கா சாப்பிடுறாளா?"

உன்
ரோண்டா


ஆஷ்வில்
மார்ச் 11

என் ரோண்டா,

நாலு மாதமாக ஒரு வரி இல்லை. இப்போது எழுதினால் அச்சைப் பற்றியா? கோபம்தான் எனக்கு.

அதே அச்சுதான். மூன்று வருஷம் அலமாரியில் சும்மா கிடந்தது. நீயோ களிமண்ணைத் தொடுவதையே விட்டுவிட்டாய். அதை வைத்து ஒரு தோளணி செய்து பார்த்தேன், எல்லோரும் அசந்துபோனார்கள். 'உழைப்பின் உடல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். செய்த பத்தில் ஏழு விற்றுப்போய்விட்டது. ஒரு வக்கீலம்மா அதைக் கறுப்பு கவுனுக்கு மேல் போட்டுக்கொண்டு விருந்துக்கே போனாளாம்! இன்னும் இருபது கேட்கிறார்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாயேன். பெருமைப்படுவார்கள்.

அணைப்புடன்
மெரடித்


ஹிக்கரி
மார்ச் 30

மெரடித்,

கூட்டிக்கொண்டு வந்தேன். அன்று நீ ஊரில் இல்லை. சர்ச்சுக்குப் போடும் நீல கவுனில் வந்தாள் அம்மா. நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே நுழைந்ததுமே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, இது நான்தானே?"

போட்டுப் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். போட்டாள். இறங்கவில்லை. சூளையில் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடிவந்தாள். "பாத்துங்கம்மா, உடஞ்சிடப் போகுது. உங்க தோளுக்கு இது பத்தாது."

"கேட்டியா ரோண்டா? என் தோளு எனக்கே பத்தலையாம்!" என்று அம்மா எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

காரில் சிரிக்கவில்லை. "உன் படிப்புக்குன்னுதானே சட்டையக் கழட்டினேன்? டாக்டர்கிட்டகூட நான் காட்டினதில்லையே," என்றாள். அச்சை விட்டுவந்தவள் நான்தானே. இப்போது வீட்டுக்குள்ளேயும் சால்வை போர்த்திக்கொண்டு இருக்கிறாள்.

சுவரில் உன் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, 'மாதிரி: ஓர் ஆலைத் தொழிலாளி.' அவளுக்கு வெர்னா என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் உனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் சோபாவில் படுத்தவளின் பெயர் உனக்கு மறந்திருக்காது.

விற்றதைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த இருபதைச் செய்யாதே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அச்சை வாசற்படியில் வைத்துவிடு.

நீ வீட்டில் இருக்காதே.

ரோண்டா