எக்கோ போடாத பிரிவுக் கவிதை

அன்பு மகளுக்கு, அப்பா வாயால் சொல்ல, மாடி வீட்டுத் தையல்காரம்மா கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் அந்தக் குளிர் ஊரில் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், சொன்ன குரல் நன்றாக இல்லை. உன்னைக் கவனிக்காமல் திரிந்த கவிஞன் (வீட்டுக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை) பிரிவைப் பற்றி எழுதிய புதுக் கவிதையை உனக்குப் பேசி அனுப்பினானாம், நீ கேட்டுவிட்டு அழுதாயாம், இவ்ளோ வலிக்கிறவர்கிட்ட திரும்பிப் போனா என்னப்பா என்று கேட்டாய். டிக்கெட் எடுப்பதற்கு முன் நான் சொல்வதையும் கேட்டுவிடு.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் நம் ஊர்க் கவிதை மன்றத்தில் நான் மைக் செட் போட ஆரம்பித்தபோது உனக்குப் பால்பல்கூட விழவில்லை, அன்றிலிருந்து அந்த மேடையில் யார் என்ன வாசித்தாலும் என் காதைத் தாண்டித்தான் போயிருக்கிறது, போனது ஒன்றும் மறக்கவும் இல்லை. காதல் கவிதைக்கு பஸ் கண்டக்டர். தூக்கத்தில் பெண்டாட்டி போர்வை முழுவதையும் உருவிக்கொள்வாள், நான் குளிரில் விழித்துக் கிடந்து அவளையே பார்ப்பேன் என்று வாசித்தார், அந்தம்மா முன்வரிசையிலிருந்து, வீட்டுக்கு வா பேசிக்கிறேன் என்று விரலை ஆட்டினாள். ஆசைக்குக் கணக்கு டீச்சர். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்ட கையோடு புருஷன் என் கழுத்தைத் தொட்டான், அந்தக் கறையை அன்று முழுக்க நான் கழுவவில்லை என்று வாசித்துவிட்டு, முகம் சிவந்து தண்ணீர் கேட்டாள். பிரிவுக்கு மருந்துக்கடைக்காரர். சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகும், திட்டுவாளே என்று ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில்லை என்று எழுதியிருந்தார், பாதியில் வரி மறந்து உட்கார்ந்துவிட்டார். எக்கோ போடட்டுமா என்று முதலிலேயே கேட்டிருந்தேன், வேணாம்ப்பா, அவளுக்குச் சத்தம் ஆகாது என்றார்.

இவர்கள் கவிதையில் எல்லாம் இன்னொரு ஆள் இருக்கிறது மகளே. அது போர்வையை இழுக்கிறது, கறை பண்ணுகிறது, திட்டுகிறது. நம் ஆள் உன்னைக் கட்டுவதற்கு முன் வாசித்தது எனக்கு மனப்பாடம், என் தாகம் என் தீ என் காய்ச்சல். இப்போது என் காயம், என் இரவு. எல்லாமே அவனுடையது. அத்தனை வருஷம் ஆக்கிப்போட்டாய், உனக்கென்று ஒரு தும்மல்கூட அதில் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கவிதையோடு மன்றத்துக்கு வந்தான். நல்லாருக்கீங்களா மாமா, கடைசி வரிக்கு எக்கோ கொஞ்சம் தூக்கலா விடுங்க என்றான். என் பிள்ளையை அழவைத்ததற்கு என் கையாலேயே எக்கோ. ஆகட்டும் மாப்ளே என்றேன். மழையில் நீ நடந்தாய், வாசலில் நான் நின்றேன், தெரு முடியும்வரை உன் கொலுசு கேட்டது என்று கடைசிக்கு வந்தான். எக்கோவை அடியோடு நிறுத்திவிட்டு மைக்கை மட்டும் ஏற்றினேன், ஏற்றினால் எறும்பு ஊர்வதும் கேட்கும். தொண்டைக்கு இதமாக வாயில் இருமல் மிட்டாய் அடக்கியிருந்தான். குரல் உடைந்தது போல நிறுத்தினான் பார், அந்த இடத்தில் மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போய்ப் பல்லில் கடக் என்று இடித்தது, மன்றம் முழுக்கக் கேட்டது. மூன்றாம் வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசைக் கணக்கே இல்லை. இறங்கி வந்து, எக்கோ என்னாச்சு மாமா என்றான். உள்ளேருந்து ஏதாச்சும் வந்தாத்தானே மாப்ளே எக்கோ வரும் என்றேன்.

உன் அம்மா, வயசான காலத்துல உனக்கு இது தேவையா என்று திட்டினாள். திட்டிவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அடுத்த மாதம் அவனுக்குப் பாராட்டுக் கூட்டமாம், வேறு மைக் செட்காரரை வைக்கச் சொல்லியிருக்கிறானாம். வைக்கட்டும், நான் முன்வரிசையில் உட்காருகிறேன், எனக்கும் இருமல் இருக்கிறது.

நீ கிளம்பிய அன்று மழை இல்லை. வெயில் ஏறியும் அவன் உள்ளே குறட்டை விட்டான், பெட்டியைத் தூக்கி வந்தது நான். உன் செருப்பு வார் அறுந்துபோய், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாய். கொலுசா, நீ கைக்குழந்தையிலேயே அதைப் பிய்த்து எறிந்தவள். கவிதை கேட்டு அழுகிற அவசரத்தில் உன் காலை நீ பார்க்க மறந்துவிட்டாய்.

போகிறதானால் போ, தடுக்க மாட்டேன். அதற்கு முன் அவனிடம் ஒன்றே ஒன்று கேள், அன்னைக்கு என் கையில என்ன இருந்துச்சு என்று. செருப்பு என்று சொல்லிவிட்டால் நானே அவன் காலடியில் உட்கார்ந்து எக்கோ போடுகிறேன். சொல்லாவிட்டால், அந்தச் செருப்பைத் தைத்து நம் வாசலில்தான் வைத்திருக்கிறேன், உன் அளவு அதற்கு மறக்கவில்லை.

தலை நிமிர்ந்து, வயிறு நிறைந்து, மனசு ஆறி நூறு வருஷம் இரு மகளே. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. கேட்டுவிட்டுப் போன் பண்ணு.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கும் உன் அப்பா