உலக்கை இல்லை

அண்ணா,

உறியில் இருக்கும் சோறு உனக்கு. அடுப்பங்கரையில் மூடி வைத்திருப்பது பக்கத்து வீட்டுச் செங்கேணிக்கு, அதைத் தொடாதே. மத்தியானம் நம் உரலில் நெல் குத்த வருவாள். மாமியாரும் கூட வந்தால் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தி வை.

நேற்று நாங்கள் விடுகதை போட்டுக்கொண்டே குத்தினோம். “நாளெல்லாம் நெல்லு குத்துவா, ஒரு பருக்கை திங்கமாட்டா. யாருடி?” என்றாள் செங்கேணி. “உலக்கை” என்று எல்லோரும் சிரித்தோம். “இல்லடி” என்றாள். போகும்போது முறத்திலிருந்த குருணையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விடை தெரிந்தது.

முன்பு அவளைப் பற்றிச் சொன்னபோது “அடுத்த வூட்டு வெவகாரம் நமக்கு இன்னாத்துக்கு” என்றாய். சித்தியோடு பண்டசோழநல்லூர் போய் செங்கேணியின் அப்பாவைக் கூட்டி வருகிறேன்.

ஆதி

அவள் சாப்பிடும்போது உள்ளே போகாதே, கூச்சப்படுவாள். ஆதி விடை கண்டுபிடித்துவிட்டாள் என்று மட்டும் சொல்.