கடைசிப் படலை

தேவமாதா துணை

மாங்குளம்
17.1.1955

அன்புள்ள அண்ணைக்கு,

ஐயாவுக்கு இழுப்புக் கூடிவிட்டது என்று மீன் லொறிக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் எழுதவில்லை என்று கோபம். ஆனால் கடையைச் சாட்டிக்கொண்டு இத்தனை வருடம் வராதவனுக்கு யார் எழுதுவார்கள்?

ஒன்று கேட்கிறேன். நன்மரணச் சபையில் சேருவது எப்படி? நீங்கள் சேர்ந்தபோது நான் சிரித்தவன். ஐயா சபைக்காரர். நாளைக்கு அவருடைய சவப்பெட்டியைச் சபைக்காரர் மட்டும்தான் தோளில் வைக்கலாம். பெற்ற பிள்ளை நான் பின்னால் கைவீசி நடப்பதா? இருக்கும்போது பார்க்கவில்லை, தூக்கவாவது விடுங்கோ.

உங்கள் தம்பி
யோசெப்

முள்ளிவாய்க்கால்
25.1.1955

அன்புத் தம்பிக்கு,

தேத்தண்ணிக்கடை முதலாளிக்குச் சபை நினைவு வந்ததே பெரிய புதுமை. உன் மச்சாள் றோஸ்மேரி சிரிக்கிறாள்.

விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு, முதற்பூசை முடிந்ததும், வெறுங்காலோடு ஒவ்வொரு சபைக்காரர் வீட்டு வாசல் படலையிலும் நின்று, "என்னையும் சகோதரமாய் எடுங்கோ" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் தன் கையால் செம்பில் தண்ணீர் தந்தால் சம்மதம். பெண்சாதி தந்தால் செல்லாது. ஒரு வீட்டில் கிடைக்காவிட்டாலும் அடுத்த வருடம்தான். சொந்தக்காரர் வீடு கடைசி. செருப்புக்குப் பழகிய கால், கவனம்.

ஐயாவிடம் சொன்னேன். எழும்பி உட்கார்ந்துவிட்டார். "என்ரை பெட்டியின்ரை தலைமாட்டுக்கு யோசெப் வரட்டும்" என்கிறார்.

அண்ணன்
சூசைப்பிள்ளை

மாங்குளம்
22.2.1955

அண்ணைக்கு,

எல்லா வீட்டிலும் தண்ணீர் குடித்தேன். வலைச் சண்டைக்குப் பிறகு எங்களோடு கதையாத அந்தோனிமுத்துவும் தந்தார். கடைசியாக உங்கள் படலை. "கடலுக்குப் போயிட்டார்" என்று சொல்லி மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யார் வள்ளம் இறக்கினார்? உங்களுடையது கரையில் கவிழ்ந்து கிடந்தது.

உள்ளே போய் ஐயாவைப் பார்க்கவும் துணிவு வரவில்லை. "எடுத்திட்டாங்களோ?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

யோசெப்

முள்ளிவாய்க்கால்
19.3.1955

தம்பி,

ஐயாவின் அடக்கத்தன்று நீ என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஏசியாவது இருந்தால் ஆறியிருப்பேன்.

நீ தண்ணீர் கேட்டு வந்த ஞாயிறு நான் வளவில் இருக்கிற மீன் வாடிக்குள் வலைக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். நீ "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டது எல்லாம் கேட்டது. கஞ்சி பருக்கியதும் கழுவித் துடைத்ததும் நான், தலைமாடு மட்டும் உனக்கா என்று பொறாமை. நீ சபையில் சேருவது ஒரு வருடம் பிந்தினால் போதும் என்று நினைத்தேன். தலைமாட்டை நான்தான் தூக்கினேன். ஐயாவின் பாரம் தெரியவில்லை, பின்னால் நீ வருவதுதான் தெரிந்தது.

கடைசி வரை ஐயா "அவன் வந்தவனோ?" என்று கேட்டார். "வருவான்" என்றேன். நீ வந்து திரும்பியதைச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார், "தம்பியிடம் கேள்" என்றார். கேட்கிறேன், மன்னித்துவிடு.

சூசைப்பிள்ளை

மாங்குளம்
6.2.1956

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு காலமும் மனம் வரவில்லை. படலை வரை வந்து ஐயாவைப் பாராமல் திரும்பியவன் நான். அதற்கு உங்களைக் குற்றம் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஐயாவைத் தூக்கத்தான் சபையில் சேரக் கேட்டேன். இனி அங்கே நான் தூக்க வேண்டிய சொந்தம் நீங்கள் ஒருவர்தான். அதை நினைக்கப் பயமாக இருக்கிறது. கோபமும் இன்னும் போகவில்லை.

வருகிற ஞாயிறு முதற்பூசைக்கு வருவேன். உங்கள் வீடு கடைசி. செம்போடு நில்லுங்கோ.

தம்பி
யோசெப்